அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு தெரியாதா?

கேள்வி: "அமெரிக்காவில் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 13 சதவீதம் பேருக்குத்தான் சொந்த நாட்டு வரலாறு ஒழுங்காகத் தெரியும் என்று அவர்களுடைய தேசியத் தேர்வே சொல்கிறதாம். என் அக்கா மகன் நியூ ஜெர்சியில் அதே வகுப்பில் படிக்கிறான். அங்கே பள்ளிக்கூடம் அவ்வளவு மோசமா? முன்பெல்லாம் நன்றாக இருந்து இப்போதுதான் கெட்டுப்போனதா?"

13 என்ற எண் சரிதான். 2022-ல் நடந்த தேர்வு அது. முடிவு 2023 மே மாதம் வந்தது. தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்று பெயர், சுருக்கமாக 'நேப்' என்பார்கள். ஆனால் அந்த எண்ணுக்குச் செய்திகளில் சொல்லப்படும் அர்த்தம் பாதி தப்பு. 'முன்பெல்லாம் நன்றாக இருந்தது' என்பதோ முழுக்கத் தப்பு. இந்த இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு நூறு வருடத்துக்கும் மேலான சாட்சி இருக்கிறது.

1917-ல் ஜே. கார்ல்டன் பெல், டேவிட் மெக்கல்லம் என்ற இருவர் டெக்சாஸ் மாநிலத்தில் 1,500 மாணவர்களைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை எல்லா வயதினரும் அதில் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கு 33 வாங்கினார்கள். கல்லூரிக்காரர்களே 49-ஐத் தாண்டவில்லை. கொலம்பஸ் வந்த 1492 தெரிந்தது, சுதந்திரம் அறிவித்த 1776 தெரியவில்லை. மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனையும், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிசையும் போட்டுக் குழப்பினார்கள். மெக்சிகோவிடமிருந்து டெக்சாசைப் பிரித்தெடுத்த தளபதி சாம் ஹூஸ்டனின் பெயர் டெக்சாஸ் பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் டெக்சாசிலேயே சான் ஹசிண்டோ போரில் ஜெயித்ததை விட்டுவிட்டு, மெக்சிகோ நகரத்துக்குள்ளேயே படையோடு நுழைந்ததாக எழுதி வைத்தார்கள். இவ்வளவு எளிய விஷயங்களில் 33 வாங்குவது எந்தப் பள்ளிக்கும் பெருமை இல்லை என்று ஆய்வாளர்கள் நொந்துகொண்டார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வரலாற்று அறிவு என்பதற்குள் என்னென்ன அடங்கும் என்று அவர்களே முன்னால் வரிசைப்படுத்துகிறார்கள்: இன்று நடப்பதைப் பழையதை வைத்துப் புரிந்துகொள்வது, ஆவணங்களைச் சலித்து உண்மையைத் தேடுவது, ஒரு வரலாற்றுக் கதையை அனுபவித்துப் படிப்பது, யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது, கடைசியாகத் தகவல் கேள்விக்குப் பதில் சொல்வது. இந்தக் கடைசித் திறமைதான் எல்லாவற்றிலும் குறுகலானது, சிலர் கணக்கில் முக்கியத்துவமே குறைவானது, ஆனால் சோதிக்கச் சுலபம் அதுதான் என்று ஒப்புக்கொண்டு, அதையே சோதித்தார்கள். நூறு வருடமாக மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். 1917-ல் அதை வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதுதான் வித்தியாசம்.

அடுத்தது 1943. போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 36 கல்லூரிகளில் முதல் வருடத்தில் இருந்த சுமார் 7,000 பேருக்குத் தேர்வு வைத்து, முடிவை ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் பக்கத்தில் போட்டது. நாட்டைத் தொடங்கிய 13 காலனிகளின் பெயரை முழுசாகச் சொல்ல முடிந்தவர்கள் 6 சதவீதம். ஒரே ரகளை. அந்தத் தொடருக்கு மறு வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்த வயதுப் பையன்கள்தான் அடுத்த வருடம் ஹிட்லரின் படையை எதிர்த்துப் பிரான்சின் நார்மண்டியில் கரையேறினார்கள், பிற்காலத்தில் 'மகத்தான தலைமுறை' என்று கொண்டாடப்பட்டார்கள் என்பதை யாரும் இந்த முடிவோடு சேர்த்து நினைப்பதில்லை. 1976-ல் நாட்டுக்கு 200 வயதானபோது அதே பத்திரிகை, ஹார்வர்டு வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெய்லின் துணையோடு மறுபடி சோதித்தது. 42 கேள்விகள், சராசரியாக 21 சரி. 1986-ல் 17 வயதுக்காரர்களிடம் நடந்த 'நேப்' தேர்வை கல்வி ஆய்வாளர்கள் டயான் ராவிச், செஸ்டர் ஃபின் இருவரும் அலசினார்கள், சராசரி 54.5 சதவீதம். உள்நாட்டுப் போர் எந்த அரை நூற்றாண்டில் நடந்தது என்று சரியாகக் குறித்தவர்கள் மூன்றில் ஒருவர்தான்.

வெவ்வேறு வயது, வெவ்வேறு வினாத்தாள் என்பதால் இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் புலம்பல் மட்டும் அச்சு மாறாமல் ஒன்றே. ஒவ்வொரு தடவையும் 'நம் காலத்தில் இப்படியா இருந்தது' என்று கேட்டவர்கள், முந்தைய தேர்வில் தோற்ற அதே ஆட்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க் 2004-ல் இந்தத் தேர்வுகளை வரிசையாக வைத்துக் காட்டியபோதுதான் பலருக்கும் இது உறைத்தது.

ஏன் எப்போதும் பாதிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது? நான் கொஞ்ச காலம் வினா எழுதித் திருத்தும் வேலையில் இருந்தவன், எனவே இதைச் சமையலறைப் பக்கமிருந்து சொல்ல முடியும். ஒரு கேள்வியை எழுதினால் நேராக வினாத்தாளில் ஏறாது. முதலில் சில நூறு பிள்ளைகளிடம் வெள்ளோட்டம் விடுவார்கள். 100-ல் 97 பேர் சரியாகப் போட்டுவிட்டால் அந்தக் கேள்வி பெரும்பாலும் காலி. நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் படிக்காத பிள்ளையையும் அது பிரித்துக் காட்டவில்லை, எனவே வீண் இடம். நன்றாகப் படிப்பவர் சரியாகப் போட்டு, மற்றவர் தடுமாறும் கேள்விதான் நிற்கும். தவறான விடைகளும் ஏதோ வாய்க்கு வந்தவை அல்ல, பாதி தெரிந்தவனை இழுப்பதற்காக யோசித்து வைத்தவை. இப்படிப் பாதிப் பேர் தவறவிடுகிற மாதிரிப் பொறுக்கிய கேள்விகளைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேர் தவறவிட்டார்களே என்று அலறுவது கொஞ்சம் வேடிக்கைதான். 'நேப்' தேர்வு இந்த விஷயத்தில் மற்றவற்றைவிடக் கண்ணியமானது. பாடத்திட்டச் சட்டகம் ஒன்றை வைத்துக்கொண்டு, சுலபமான கேள்விகளையும் சேர்க்கிறது, எழுதிப் பதில் சொல்லும் கேள்விகளும் உண்டு. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்தது எதுவோ அது தேர்வில் தென்படாது என்ற அடிப்படைச் சிக்கல் முழுக்கத் தீரவில்லை.

இப்போது 13-க்கு வருவோம். 0 முதல் 500 வரையிலான அளவுகோலில் 8-ஆம் வகுப்பின் சராசரி 2022-ல் 258. அந்த அளவுகோலில் மூன்று கோடு கிழித்திருக்கிறார்கள்: 252-க்கு மேல் 'பேசிக்', 294-க்கு மேல் 'புரொஃபிஷியன்ட்', 327-க்கு மேல் 'அட்வான்ஸ்டு'. 13 சதவீதம் என்பது 294-ஐத் தாண்டியவர்கள். அந்தக் கோடு 'பாஸ் மார்க்' கிடையாது. வகுப்புக்கேற்ற அளவு என்றும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தேர்வை நடத்தும் அரசு நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நன்றாகக் கற்ற பிள்ளை எட்ட வேண்டிய உயரம் என்று ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து முடிவு செய்தது அது. சாதாரணமாக நாம் 'ஏதோ தெரிகிறது' என்று சொல்வதற்குப் பக்கத்தில் இருப்பது 252. அதைத் தாண்டியவர்கள் 60 சதவீதம். 'பத்தில் ஆறு பேருக்கு ஓரளவு தெரியும்' என்றால் யார் தலைப்புப் போடுவார்கள்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் தேர்வில் பிள்ளைக்கு மதிப்பெண் வராது, ஆசிரியருக்குத் தெரியாது, பள்ளிக்கும் போகாது. நாடு முழுவதிலுமிருந்து சுமார் 8,000 பேரை மாதிரிக்குப் பொறுக்கி, ஒவ்வொருவருக்கும் வினாக்களில் ஒரு பகுதியை மட்டும் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே படிக்க ஒரே பாடப்புத்தகமும் கிடையாது. 50 மாநிலங்களுக்கும் ஆளாளுக்கு ஒரு பாடத்திட்டம். நம் ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு வைத்துப் பாருங்கள். ஒரே புத்தகம், பாடத்துக்குப் பின்னால் உள்ள கேள்விகள், மூன்று திருப்புதல் தேர்வு, சமூக அறிவியலில் கூட்டம் கூட்டமாக சென்டம். அதே பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் உட்கார வைத்து, மார்க் யாருக்கும் போகாது என்று சொல்லிக் கேட்டால் எத்தனை சென்டம் மிஞ்சும் என்று நினைக்கிறீர்கள்?

இதெல்லாம் சொல்வதால் ஒன்றுமே பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010-ல் 12-ஆம் வகுப்புக்கு வந்த ஒரு கேள்வியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரவுன் வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து சில வரிகள் தந்திருந்தார்கள்: பொதுக் கல்வியில் 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதற்கு இடமில்லை, தனித்தனிக் கல்விக்கூடங்கள் என்றாலே அவை சமமற்றவை என்று. இந்தத் தீர்ப்பு எந்தச் சமூகப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்தது என்பதுதான் கேள்வி. விடையில் முக்கால்வாசி அந்த வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளையர்களுக்கு ஒரு பள்ளி என்று சட்டப்படி பிரித்து வைத்திருந்தார்கள் என்று எழுதினால் போதும். முழுமையான பதில் எழுதியவர்கள் 2 சதவீதம்.

பள்ளிப் படிப்பு முடியப்போகும் வயதில், மார்க் இல்லாத தேர்வில், எழுத அலுத்துப்போய் விட்டவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள். அதைக் கழித்தாலும் 2 என்பது இடிக்கிறது. ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காலகட்டம் தெரியாதது இல்லை. வைன்பர்க்கும் சான்சி மான்டே-சானோவும் 50 மாநிலங்களிலும் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் சுமார் 2,000 பேரிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, ஜனாதிபதிகளையும் அவர்கள் மனைவிகளையும் தவிர்த்து, அமெரிக்க வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற ஐந்து பேரையும், பிறகு புகழ்பெற்ற பெண்கள் ஐந்து பேரையும் எழுதச் சொன்னார்கள். 2008-ல் வந்த முடிவு: மார்ட்டின் லூதர் கிங் பெயரை எழுதியவர்கள் 67 சதவீதம், பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் 60 சதவீதம், அடிமைகளைத் தப்பிக்க வைத்த ஹாரியட் டப்மன் 44 சதவீதம். முதல் மூவரும் கறுப்பினத்தவர். நாலு விடையில் ஒன்றைப் பொறுக்கும் சாய்ஸ் இல்லை, குறிப்பு இல்லை, எல்லாம் சொந்த ஞாபகத்திலிருந்து. 45 வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் கேட்டபோதும் பட்டியலில் பெரும்பகுதி அதேதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. கிங்கைத் தெரியும், பார்க்ஸைத் தெரியும். அவர்கள் எதை எதிர்த்து நின்றார்களோ அந்தச் சட்டமும் அதை உடைத்த தீர்ப்பும் தெரியவில்லை. ஆட்கள் தெரிகிறார்கள், அமைப்பு தெரியவில்லை. கறுப்பின வரலாற்று மாதம் என்று கொண்டாடும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வகுப்புச் சுவரில் படங்களாக வருகிறவர்கள் மனதில் நிற்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்பது நிற்கவில்லை. 'பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது' என்பதைவிட இது துல்லியமான குறை. என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். வருடம், பெயர் கேட்கும் தேர்வில் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலேயே அந்த நாட்டில் ஒற்றுமை இல்லை என்பது தனிக் கதை. 1990-களின் தொடக்கத்தில் தேசிய அளவில் வரலாற்றுத் தரநிலைகள் எழுத முயன்றார்கள். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்குப் பணம் கொடுக்கும் அரசு நிதியத்தின் தலைவராக அதற்குப் பணம் ஒதுக்கிய லின் செய்னியே, வரைவு வெளிவருவதற்கு முன்னால் 1994-ல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பெயர்களை எண்ணிப் பார்த்துப் போட்ட சண்டை அது: டப்மன் ஆறு இடத்தில் வருகிறார், உள்நாட்டுப் போரை ஜெயித்த தளபதி கிராண்ட் ஒரே இடத்தில், எதிர்த் தளபதி லீ வரவே இல்லை என்று. 1995 ஜனவரியில் செனட் 99-க்கு 1 என்று அந்தத் தரநிலைகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பிற்பாடு திருத்திய பதிப்பு வந்தது, அதோடு தேசிய அளவில் அந்தப் பேச்சு ஓய்ந்தது. பதினைந்து வருடத்துக்குள் டப்மன் பட்டியலில் மூன்றாம் இடத்தில் நிற்கிறார் பாருங்கள். பள்ளிக்கூடம் எதை அழுத்திச் சொல்கிறதோ அதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள், செனட் என்ன தீர்மானம் போட்டாலும்.

நிஜமான சரிவு என்று ஒன்று உண்டு, அதைச் செய்திகள் சரியாகக் காட்டுவதில்லை. 8-ஆம் வகுப்புச் சராசரி 1994-ல் 259. அங்கிருந்து மெல்ல ஏறி 2014-ல் 267-ஐத் தொட்டது. 2018-ல் 263, 2022-ல் 258. 'பேசிக்' கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 1994-ல் 39 சதவீதம், 2014-ல் 29, 2018-ல் 34, 2022-ல் 40. இருபது வருடம் ஏறியதை எட்டு வருடத்தில் இறக்கிவிட்டார்கள். பழியைத் தூக்கிக் கொரோனா மேல் போட முடியாது; பாதி இறக்கம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

காரணம் என்று நான் முதலில் கை காட்டுவது நேரம். 2002-ல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் வருடாந்தரத் தேர்வைக் கட்டாயமாக்கியது. மார்க் குறைந்தால் பள்ளிக்கு நடவடிக்கை. வரலாற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் எந்தப் பீரியடைத் தின்னக் கொடுப்பார் என்று சொல்லவா வேண்டும்? 2022-ல் தேர்வெழுதிய 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த வருடம் அமெரிக்க வரலாற்றுக்கென்றே வகுப்பு இருந்தது என்றவர்கள் 68 சதவீதம்தான். மீதிப் பேரிடம் படிக்காத பாடத்தைக் கேட்டிருக்கிறோம். ஆனால் நேரம் மட்டுமே காரணம் என்றால் 2002-க்குப் பிறகு மார்க் ஏறியிருக்கக் கூடாது, ஏறியது. இங்கே வாசிப்பு நுழைகிறது. ஆவணத் துண்டைக் கொடுத்துக் கேட்கும் வரலாற்றுத் தேர்வு, பாதி வாசிப்புத் தேர்வு. அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறிய வருடங்களில் வரலாறும் ஏறியது, வாசிப்பு சரிந்தபோது கூடவே சரிந்தது. எனவே வரலாற்றுப் பீரியடைப் பிடுங்கி வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுத்தவர்களை முழு முட்டாள்கள் என்றும் சொல்ல முடியவில்லை. வாசிக்க ஏதாவது விஷயம் வேண்டாமா, அதை வரலாற்றிலிருந்தே கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

வேறு விதமாகச் சோதிக்க முடியாதா என்றால், முடியும். ஸ்டான்ஃபோர்டு குழுவினர் செய்த கேள்வி ஒன்று: 'முதல் நன்றி நவிலும் நாள், 1621' (தேங்க்ஸ்கிவிங் விருந்து) என்று தலைப்பிட்ட ஓவியம். வெள்ளைக் குடியேறிகள் பழங்குடியினருக்கு உணவு பரிமாறுகிறார்கள். ஓவியர் ஜே. எல். ஜி. ஃபெரிஸ், வரைந்த வருடம் 1932 என்று கீழே அச்சிட்டிருக்கிறது. 1621-ல் அந்த இரு சாராருக்கும் இடையே உறவு எப்படி இருந்தது என்று அறிய இந்த ஓவியம் வரலாற்றாசிரியர்களுக்கு உதவுமா என்பது கேள்வி. நிறையப் பிள்ளைகள் உதவும் என்று சொல்லி, ஓவியத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை விவரித்து எழுதுகிறார்கள். விருந்துக்கும் ஓவியத்துக்கும் நடுவே 311 வருடம் இருப்பதைக் கவனிப்பவர்கள் கொஞ்சம் பேர். கண்ணெதிரே அச்சில் இருக்கிற இரண்டு வருடங்களைக் கழித்துப் பார்க்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். மனப்பாடம் எதுவும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் 'சோழர் காலப் படம்' என்று வருவதை அப்படியே அனுப்புகிற பெரியவர்களுக்கும் இந்தத் தேர்வை வைக்கலாம். ஆனால் இதை ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும், செலவு. வட்டத்தைக் கருப்பாக்கும் தேர்வு விடாமல் பிழைத்திருப்பதற்கு இந்தச் செலவுக் கணக்கு பெரிய காரணம்.

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நம்மவர்களுக்கு இன்னொரு தேர்வு நன்றாகத் தெரியும். 100 கேள்விகள் விடையோடு முன்பே கொடுத்துவிடுவார்கள், அதிகாரி 10 கேட்பார், 6 சொன்னால் போதும் என்று இருந்தது. 2025 அக்டோபர் முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128-லிருந்து 20, அதில் 12 என்று மாற்றியிருக்கிறார்கள். பழைய முறையில் பத்தில் ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். அங்கேயே பிறந்தவர்களிடம் அதே மாதிரிக் கேள்விகளைத் திடீரென்று கேட்டால் பெரும்பாலோர் தேறுவதில்லை. இதை வைத்து அரிசோனா 2015-ல் தொடங்கிப் பல மாநிலங்கள் அந்தத் தேர்வைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தன. ஒரு மாதம் செல்போனில் கேட்டு உருப்போட்டவருக்கும் உருப்போடாதவருக்கும் உள்ள வித்தியாசம் இது, இதில் தேசபக்திக்கு எந்த வேலையும் இல்லை.

உங்கள் அக்கா மகன் விஷயத்துக்கு இந்த 13 துளியும் உதவாது. வரலாற்றில் 'நேப்' மாநிலவாரியாக முடிவு தருவதே இல்லை, நாடு முழுமைக்கும் ஒரே எண்தான். நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் அமெரிக்க வரலாறு கட்டாயம், நடுநிலைப் பள்ளியில் குடிமையியலும் கட்டாயம். எனவே பீரியடே இல்லை என்ற குறை அவனுக்குக் குறைவு. அவன் வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், 'நேப்' தளத்தில் பழைய கேள்விகள் விடையோடும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற விவரத்தோடும் இலவசமாகக் கிடைக்கின்றன. சாய்ஸ் கேள்விகளை விட்டுவிட்டு எழுதும் கேள்விகளாக நாலைந்து எடுத்து, விடுமுறையில் அவன் இங்கே வரும்போது வாயாலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த சுற்றுத் தேர்வு 2026-க்குத் திட்டமிட்டது. அதன் முடிவு வெளிவரும்போது தலைப்பில் வரும் எண்ணைத் தாண்டி, 252-க்குக் கீழே எத்தனை சதவீதம் என்று தேடிப் பாருங்கள்: 40-லிருந்து அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதுதான் அதில் உண்மையான செய்தி.